வெண்சங்கு பாட வந்த ஞாயிற்றுக்கிழமை

1

நாளை என் தம்பி ஏழுமலைக்கு இரண்டாம் வருஷத் தெவசம். ஊரில் படையல் போடுவார்கள். நான் இங்கே, பாரிசை ஒட்டிய ஒரு புறநகரில், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் பரிமாறிக்கொண்டிருப்பேன். இன்று புதன்கிழமை, அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பொங்கல் விழாவுக்கு வெண்சங்கு இன்னிசைக் குழு இங்கே வந்து பாடியதைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். "கச்சேரி எப்படி இருந்துச்சுக்கா? சும்மா பின்னியிருப்பாங்களே!" என்று.

பின்னித்தான் விட்டார்கள். பொறுமையாகக் கேளுங்கள்.

தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்து உப்பளப் பக்கம் எங்கள் ஊர் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்திய லைட் மியூசிக் பார்ட்டிதான் வெண்சங்கு. பாடகர் கலியமூர்த்தி. எங்களுக்கெல்லாம் கலி அண்ணன். பகலில் உப்பு லாரி ஓட்டுவார். டிரம்ஸ் அடிக்கிறவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஞ்சர் கடை. மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் தண்ணீரில் முழுகிக் கிடக்கும். அப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த உப்புக் கொட்டகையில் ஒத்திகை பார்ப்பார்கள். உப்புக் காற்றில் கித்தார் கம்பி துருப்பிடித்துப் பட்டென்று அறுந்து போகும். கீபோர்டைப் பழைய வேட்டியில் சுற்றி, அதன்மேல் பாலிதீன் கவர் போட்டுக் கட்டி வைப்பார்கள். அப்படியும் சில கட்டைகள் ஊமையாகிவிடும், கலி அண்ணன் அந்த இடத்தில் தன் குரலைக் கொஞ்சம் தூக்கிச் சமாளித்துவிடுவார். நானும் தம்பியும் கொட்டகை வாசலிலேயே பழியாய்க் கிடப்போம்.

ஏழுமலைக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் வெண்சங்கு எங்கே போனாலும் ஸ்பீக்கர் பெட்டி தூக்க அவன் போய்விடுவான். சம்பளம் கிடையாது, ஒரு பரோட்டாவும் டீயும்தான். மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கலி அண்ணனுக்கு வெந்நீர் கொடுக்கிற வேலை தன்னுடையது என்று அவனே முடிவு செய்துகொண்டான். வேறு யாராவது கொடுத்தால் சண்டைக்குப் போவான். அவனுக்கென்று ஒரு பாட்டு இருந்தது, பழைய சினிமாப் பாட்டு. அது எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இனிமேல் நீங்கள் அதைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதை ஞாபகம் வரும். எனக்கு வருவது போதும்.

நான் பாண்டிச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்கு வந்த பிறகு இந்த வீட்டில் வெண்சங்கு பேச்சு இல்லாத நாள் கிடையாது. இங்கே யார் பாடினாலும், "இதெல்லாம் ஒரு பாட்டா? எங்க கலி அண்ணன் பாடிக் கேக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரரை வெறுப்பேற்றியிருக்கிறேன். என் பெண் இனியாவுக்குப் பதினாறு வயது. கனவில்கூட பிரெஞ்சு பேசுகிறவள். அவள் கேலியாக வெண்சங்கை, "அம்மாவோட சாமி" என்பாள்.

2

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பக்கத்து ஊர்களில் கிடையாது, கேள்விப்பட்டவர்கள் சிரிப்பார்கள். ஊரில் யாராவது அற்பாயுசில் போய்விட்டால், அடுத்து வருகிற ஆடித் திருவிழாக் கச்சேரியில் அவருக்குப் பிடித்த பாட்டை அவர் பேரைச் சொல்லிப் பாடுவார்கள். பேர் விடுவது என்போம். கலி அண்ணன் மைக்கில், "இன்னார் மகன் இன்னார்" என்று மட்டும் சொல்வார். மறைந்தவர், காலமானவர் என்ற பேச்சே வராது. திருவிழா மேடையில் சாவை வாயால் சொல்லக் கூடாது. மேடைக்குக் கொடுத்தனுப்புகிற துண்டுச் சீட்டிலும் பேர், அப்பா பேர், பாட்டு, அவ்வளவுதான் எழுதுவோம். யாருக்குத் தெரியாது? தூக்கிக்கொண்டு போனவர்களே முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

பேர் விட்டதும் ஊரே எழுந்து நிற்கும். குச்சி ஐஸ்காரர் மணி அடிப்பதை நிறுத்திவிடுவார். பாட்டு முடிந்ததும் கலி அண்ணன், "போயிட்டு வா" என்பார். உடனே டிரம்ஸ் அதிர ஒரு குத்துப்பாட்டு. அந்த வீட்டுக்காரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிப்பார்கள், பிள்ளைகளை ஆடச் சொல்லித் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் டிவியில் பாட்டு வைக்கலாம், கல்யாணம் காதுகுத்துக்குப் போகலாம். அதுவரைக்கும் அது பாட்டில்லாத வீடு. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் இதை மீறினவர்கள் இல்லை.

3

ஏழுமலை உப்பளத்தில் தண்ணீர் இறைக்க மோட்டார் போடப் போனான். வயர் எங்கேயோ பிய்ந்திருந்திருக்கிறது, காலுக்குக் கீழே உப்புத் தண்ணீர். காலை வெயில்கூட ஏறவில்லை என்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்து இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கையில் ஒரு ரசீதுத் தாள்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம், ஆனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று கேட்டால் ஒருவர் விடுவார்கள் என்றார், ஒருவர் விட மாட்டார்கள் என்றார். அலுவலகத்துக்கே ஓடினேன். வாசலில் நின்ற காவலாளி நல்ல மனுஷர்தான், இணையத்தில் நேரம் பதிவு செய்துவிட்டு வாருங்கள் அம்மா என்றார். இணையத்தைத் திறந்தால் நேரம் எதுவும் காலி இல்லை, பிறகு முயற்சி செய்யவும் என்று வருகிறது. தம்பி செத்ததற்கு நான் எந்தப் பிறகு முயற்சி செய்வது? பிளாட்பாரத்தில் நின்றபடி அந்தக் கட்டிடத்தைப் பார்த்துத் தமிழில் நல்ல நல்ல வார்த்தைகளாகத் திட்டினேன். எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பாள்.

கடைசியில் அவனை எடுப்பதைப் போனில்தான் பார்த்தேன். போனைப் பிடித்திருந்த ஒன்றுவிட்ட தம்பி அழ ஆரம்பித்ததும் கை தாழ்ந்துவிட்டது. மணலும் செருப்பில்லாத கால்களும்தான் தெரிந்தன. "தூக்கிப் பிடிடா, தூக்கிப் பிடிடா" என்று இங்கிருந்து கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. தாய்மாமன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கட்டும் என்று இனியாவைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அவளும் அந்த மணலைத்தான் பார்த்தாள்.

4

தம்பி மனைவி மஞ்சுளா என்னை அண்ணி என்பாள். அதிகம் பேசாத பெண். அவர்களுக்கு ஒரு மகள், யாழினி, இரண்டாம் வகுப்பு. ஏழுமலை போன பிறகு வந்த ஆடித் திருவிழாவுக்கு மஞ்சுளா சீட்டு எழுதி மடித்துத் தயாராக வைத்திருந்தாள். ஊர்ப் பசங்கள் கூடிப் பேசி, பாட்டுக் கச்சேரி எல்லாம் பழசு என்று டிஜே வைத்துவிட்டார்கள். லாரி மேல் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். அந்தச் சத்தத்தில் ஒருத்தி சீட்டை நீட்டிக்கொண்டு போய் நின்றால் எப்படி இருக்கும்? "அக்கா, இது பென் டிரைவ்கா. இதுல பேர்லாம் விட முடியாது" என்றானாம் ஒருவன். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான். அவளும் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த ஆடிக்கும் அதே லாரி, அதே பென் டிரைவ்.

வெண்சங்குக்கு ஊரில் வாய்ப்பு இல்லாமல் போய், கலி அண்ணன் சென்னைக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். மஞ்சுளா வீட்டில் டிவி ஊமையாகவே ஓடியது. யாழினி பள்ளி ஆண்டு விழாவில் ஆட வேண்டும் என்று டீச்சர் இரண்டு முறை ஆள் அனுப்பியும் இவள் மறுத்துவிட்டாள்.

"ஏன்டி, குழந்த அது. ஆடட்டுமே" என்று நான் போனில் சண்டை போட்டேன்.

"ஆடுது அண்ணி. கொல்லையில நின்னு ஆடுது. பாட்டு இல்லாமயே ஆடுது. பாக்க முடியல" என்றாள்.

இந்த நேரத்தில்தான் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா போஸ்டர் போனுக்கு வந்தது. தாயகத்திலிருந்து வெண்சங்கு! கோட்டு போட்டுக்கொண்டு கலி அண்ணன் சிரிக்கிறார். ஐயோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. உடனே மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். அவள் கேட்டாள்.

"அங்க விட்டாலும் பேர் விட்டதுதானே அண்ணி?"

"ஏன் இல்ல? பாடுறது அதே வாய்தானே? ஊரு எங்க இருந்தா என்ன?"

"நான் பாக்கணும் அண்ணி. போன்ல காட்டுவீங்களா?"

காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தேன். சங்கத்துச் செயலாளருக்கு வாட்ஸப்பில் தம்பி படத்தை அனுப்பி, பேர், அப்பா பேர், பாட்டு மூன்றையும் எழுதினேன். தயவுசெய்து கலியமூர்த்தி அவர்களிடம் கொடுத்துப் பேர் சொல்லிப் பாட வைக்கவும் என்று கீழே போட்டேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த இனியா, "அம்மா, லேட் அப்டின்னு போட வேணாமா? இங்க மாமாவ யாருக்கும் தெரியாதே" என்றாள்.

"வாயக் கழுவு. எங்க ஊர்ல அதெல்லாம் எழுத மாட்டாங்க. கலி அண்ணனுக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். செயலாளரிடமிருந்து ஒரு கட்டைவிரலும் ஒரு பூங்கொத்தும் பதிலாக வந்தன. நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

5

இங்கே கச்சேரி எல்லாம் ஞாயிறு மதியம்தான். சாயங்காலத்துக்குள் நகராட்சிக்காரருக்கு மண்டபத்தைக் காலி செய்து, பெருக்கிக் கொடுத்துவிட வேண்டும். மண்டபம் என்றால் விளையாட்டுக் கூடம். தரையில் கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பின்பக்கம் வடையும் சமோசாவும். பட்டுப்புடவைக்கு மேல் குளிர் கோட்டு போட்ட பெண்கள். நானும் அந்தக் கோலத்தில்தான் போனேன், வீட்டுக்காரரையும் இனியாவையும் இழுத்துக்கொண்டு.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மஞ்சுளாவுக்கு வீடியோ போட்டேன். ஊரில் விளக்கு வைத்து முடித்த நேரம். தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் முடிந்திருந்தாள். பக்கத்தில் யாழினி புது கவுன். எங்கே புது கவுன் வந்தது என்று கேட்கவில்லை, தெரியும். பேர் விட்டதும் இந்தக் குழந்தையை ஆட விடப்போகிறாள்.

திரை விலகியது. கலி அண்ணன் நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கீபோர்டு, அதை வாசிக்க ஓர் ஆள், மேசை மேல் ஒரு லேப்டாப். அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லை, புல்லாங்குழல் இல்லை, தபேலா இல்லை. மற்றவர்களுக்கு விசா கிடைக்கவில்லை என்று செயலாளர் மைக்கில் வருத்தம் தெரிவித்தார். ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

முதல் பாட்டு சாமிப் பாட்டு. ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குரல் அவருடையதுதான், ஆனால் இருபது வயது குறைந்த குரல். வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இரண்டாவது பாட்டில் யாருக்கோ வணக்கம் வைக்க மைக்கை இடுப்புக்கு இறக்கினார், பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் லேப்டாப்பில் ஏதோ மெசேஜ் வந்து டிங் என்றது. எந்தப் பாட்டும் இரண்டாம் சரணத்துக்குப் போகவில்லை. உப்புக் கொட்டகையில் செத்த கட்டையைத் தன் குரலால் மூடிவிட்ட மனுஷர், எல்லாக் கட்டையும் நன்றாக இருக்கிற மேடையில் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கிறார்.

"அம்மா, இது ப்ளேபேக். வாய மட்டும் அசைக்கிறார்" என்றாள் இனியா. கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்.

"கம்முனு இரு" என்றேன். என் வீட்டுக்காரர் என் பக்கமே திரும்பவில்லை, அவருக்கு அந்த நல்ல குணம் உண்டு. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் அடித்த ஜம்பம் எல்லாம் அந்தக் கூடைப்பந்துத் தரையில் கொட்டிப் போச்சு. போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குப் பாட்டு வேண்டாம், சாமி. என் தம்பி பேரை ஒரு தடவை சொல்லிவிடட்டும், அது போதும்.

6

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். "இப்போ நம்ம பர்த்டே ஸ்டார்ஸ் யார் யார்னு பார்க்கலாமா?" என்றாள். பின்னால் பெரிய திரையில் ஒரு குழந்தை படம், சுற்றிலும் பலூன். எல்லோரும் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அடுத்து ஒரு பெரியவர். அவருக்கும் பாடினார்கள். நான் மஞ்சுளாவிடம், "இது முடியட்டும்டி, அடுத்து நம்மள்துதான் இருக்கும்" என்றேன்.

அடுத்து நம்முடையதுதான்.

உப்புக் குவியல் மேல் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற என் தம்பி. உப்பை வெட்டி எறிந்துவிட்டு அவனை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பலூன், காலடியில் மூன்றடுக்கு கேக். "அப்பாசாமி மகன் ஏழுமலை! இன்று போல் என்றும் வாழ்க!" என்று அந்தப் பெண் கூவினாள். மண்டபம் முழுக்கக் கை தட்டிப் பாட ஆரம்பித்தது. அவர்கள் மேல் என்ன தப்பு? இங்கே சங்கத்துக்குப் படமும் பேரும் பாட்டும் அனுப்பினால் அது பிறந்தநாளுக்குத்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, "உங்க தம்பியா?" என்று கேட்டுவிட்டு இன்னும் பலமாகப் பாடினாள். போனைத் திருப்பி மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

கலி அண்ணன் திரையைத் திரும்பிப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். கரகரவென்று, பாதி காற்றாக ஒரு குரல் வந்தது. அந்த மதியம் முழுவதிலும் அவர் உண்மையாக வாய் திறந்தது அப்போதுதான்.

"அட, ஏழு! நம்ம ஏழுடா இது! டேய், நீ எப்படா பிரான்சுக்கு வந்த? எங்கடா குந்தினு இருக்க? வாடா மேல!"

ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். விளக்குக்காரர் நாற்காலிகள் மேல் வெளிச்சத்தை ஓட்டினார். கலி அண்ணன் மேடை விளிம்புக்கு வந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினார். "இன்னாடா வெக்கம்? எனக்கு வெந்நி குடுக்க ஆளில்லாம நிக்கிறேன். வாடா!"

நான் எழுந்துவிட்டேன். கத்திவிட வேண்டும். நிறுத்துங்கள், அவன் இல்லை, என்ன கூத்து அடிக்கிறீர்கள் என்று கத்தி அந்த மண்டபத்தையே நிறுத்திவிட வேண்டும். அப்போது கையிலிருந்த போனில் மஞ்சுளா பேசினாள்.

"அண்ணி. சொல்லிடாதீங்க அண்ணி."

"என்னடி சொல்ற?"

"இவரு வருவாருன்னு பாத்துனு நிக்கிறாரு பாருங்க கலி அண்ணன். கொஞ்ச நேரம் நிக்கட்டும் அண்ணி. இவர யாராச்சும் இப்டிக் கூப்ட்டு எவ்ளோ நாளாச்சு."

அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், கூட்டத்துக்குள்ளிருந்து அவன் எழுந்து வரப்போகிறான் என்பது போல. பக்கத்தில் யாழினி, "அப்பாவா? அப்பாவத்தான் கூப்பிடுறாங்களாம்மா?" என்று அவள் கையை உலுக்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். போனை மட்டும் மேடையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "சார் ரொம்பக் கூச்சப்படுறாங்க போல!" என்றாள் தொகுப்பாளர் பெண். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த படம் வந்தது. தம்பியின் பாட்டு அந்த லேப்டாப்பில் இல்லை என்று பிறகு தெரிந்தது. பேரைச் சொன்னார்கள், பாட்டு இல்லை, போயிட்டு வா என்ற வார்த்தையும் இல்லை.

இனியா தலையைக் குனிந்து கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேனே என்று அவள் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. என் கோட்டுப் பைக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளிருக்கு அப்படிச் செய்வாள்.

7

முடிந்ததும் செயலாளரை ஒரு பிடி பிடிப்பது என்றுதான் போனேன். அவரைத் திட்டாமல் நான் வந்தது என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஆச்சரியம். வழியில் கலி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். நாற்காலி அடுக்குகிற சத்தத்துக்கு நடுவில், ஆறிப்போன சமோசாவைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். கோட்டைக் கழற்றியதும் ஆள் பாதியாகிவிட்டார். கழுத்தில் நீளமாக ஒரு தழும்பு.

"நீ ஏழுவோட அக்காதானே? அதே மொகம். எங்கம்மா அவன்? என் மேல கோவமா?"

"இல்லண்ணே" என்றேன்.

"தொண்டையில ஆபரேசன்மா. போச்சு எல்லாம். பாக்குறவங்களுக்குத் தெரியுது, எனக்குந் தெரியாதா? மவ கடன ஒடன வாங்கிப் படிக்க வைக்குது பசங்கள, அதான் கூப்ட்ட எடத்துக்குப் போறேன். ஏழு இதப் பாத்துட்டுத்தான் மேல வரலியா? அவனுக்குப் புடிக்காது, எனக்குத் தெரியும். ஒரு சுதி தப்பினாலே மூஞ்ச தூக்கி வச்சிக்குவான்."

சொல்லாதீங்க என்று சொன்னவள் இன்னும் போனில் இருந்தாள். பைக்குள் வைத்திருந்தேன், துண்டிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆபரேசனுக்குன்னு மெட்ராசு போனவன்தான், ரெண்டு வருசத்துக்கு மேல ஊர்ப் பக்கமே போவல. என் போனு கடல்ல உழுந்து ஊர் நம்பர்லாம் போச்சும்மா. இது என் புது நம்பரு, எழுதிக்க. ஏழுகிட்ட குடு, பேசச் சொல்லு. அண்ணன் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேண்ணே" என்றேன். நகராட்சி ஆள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் வெளியே போனோம்.

8

அதற்குப் பிறகு மஞ்சுளா அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. கலி அண்ணன் கூப்பிடுகிற இடத்தை மட்டும் வீடியோவாக இனியா போனில் எடுத்திருந்தாளாம். மஞ்சுளா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டிவி ஊமையாகத்தான் இருக்கிறது, யாழினியின் கவுன் பீரோவில் இருக்கிறது. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள்?

இதை இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டிருக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"அண்ணி, நாளைக்குப் படையலுக்கு எல்லாம் வாங்கியாச்சு."

"சரிடி."

"ஒண்ணு கேக்கணும் அண்ணி. கலி அண்ணன் இன்னும் இவரு இருக்காருன்னு நெனச்சினுதானே இருக்காரு?"

"ஆமா."

"தெனம் அந்த வீடியோவப் பாக்குறேன் அண்ணி. வாடா வாடான்னு கூப்புட்றாரு. நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒருத்தரு வாடான்னு கூப்ட்டுனு நிக்கும்போது நான் எப்டி அண்ணி படைச்சு அனுப்புறது?" அவள் குரல் உடைந்தது. தம்பி போனதிலிருந்து மஞ்சுளா அழுது நான் கேட்டதில்லை. "நான்தான் சொல்லாதீங்கன்னு சொன்னேன். இப்ப நானே சொல்றேன். அவருகிட்ட சொல்லிடுங்க அண்ணி. இன்னிக்கே சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கலி அண்ணன் கொடுத்த நம்பரை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தம்பி செத்ததை நான் இதுவரை யாரிடமும் தமிழில் சொன்னதில்லை. ஊர்க்காரர்கள்தான் எனக்குச் சொன்னார்கள், நான் அவர்களுக்குச் சொல்ல என்ன இருந்தது? வீட்டுக்காரரும் இனியாவும் அந்தப் போனைப் பக்கத்திலிருந்தே கேட்டார்கள். இங்கே லீவு கேட்க மேலாளரிடம் சொன்னேன், அந்தக் காவலாளியிடம் சொன்னேன், எல்லாம் பிரெஞ்சில். அது வாயிலிருந்து சுலபமாக வந்தது. பிரெஞ்சில் எனக்குத் தம்பியே கிடையாது.

கலி அண்ணன் உடனே எடுத்தார். பின்னால் சென்னைப் பஸ் சத்தம்.

"யாரு, ஏழுவா?"

"நான் அவன் அக்காண்ணே."

"சொல்லும்மா! தம்பிகிட்ட சொன்னியா? இன்னா சொன்னான்?"

"அண்ணே, நம்ம ஏழு செத்துட்டாண்ணே" என்றேன்.

"இன்னாம்மா? பஸ் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல. இன்னொரு தபா சொல்லு."

நான் இன்னொரு முறை சொன்னேன்.